வெளிச்சுவரில் நிறம் மாறும் ஸ்மார்ட் விளக்குகள்: சில வருடங்கள் பயன்படுத்திய பிறகு

வீட்டு முகப்பிலும் தோட்டத்து நடைபாதையிலும் நிறம் மாறும் ஸ்மார்ட் விளக்குகளைச் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். புதிதாக வாங்கப்போகிறவர்களிடம் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்: வெள்ளை வெளிச்சம் எப்படி இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். விசேஷ நாட்களில் நீலமும் ஊதாவும் சுவரில் ஓடும்போது உண்மையிலேயே அழகாக இருக்கும். ஆனால் மற்ற இரவுகளில் எரியப்போவது மிதமான வெள்ளைதான். வாசலில் நிற்பவர் முகமும் ஏறும் படியும் பூட்டின் சாவித் துவாரமும் தெரிய வேண்டும் அல்லவா?

பெட்டியில் ‘ஆர்ஜிபி’ என்று மட்டும் போட்டிருந்தால் அதில் வெள்ளைக்கென்று தனி எல்இடி கிடையாது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்துதான் வெள்ளை வரும். அதில் லேசாக நீலம் தட்டும், முகங்கள் வெளிறித் தெரியும், இலைகளின் பச்சை ஒட்டாமல் இருக்கும். ‘ஆர்ஜிபிடபிள்யூ’ என்றால் தனி வெள்ளை எல்இடி உண்டு. ‘ஆர்ஜிபிசிசிடி’ என்றால் மஞ்சள் சாயல் வெள்ளை, குளிர் வெள்ளை இரண்டுமே இருக்கும். வெள்ளையின் சாயலை கெல்வின் என்ற எண்ணில் போட்டிருப்பார்கள், எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். வெளிப்புறத்துக்கு 2700 கெல்வின் வரையாவது இறங்குகிற விளக்குதான் கண்ணுக்கு இதம்.

‘1.6 கோடி நிறங்கள்’ என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். மூன்று நிறத்துக்கும் தலா 256 படிகள், பெருக்கினால் 1,67,77,216. மட்டமான விளக்கிலும் இந்தக் கணக்கு மாறாது. அதைவிட, வெளிச்சத்தை 5 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். நல்ல விளக்கு நிறம் மாறாமல் மெல்ல மங்கும். மட்டமானது பாதி வழியிலேயே பச்சையடிக்கும், இல்லையென்றால் சட்டென்று அணைந்துவிடும். இரவு முழுக்க மங்கலாக எரியவிட நினைப்பவர்களுக்கு இந்தச் சோதனை ஒன்றே போதும்.

சுவரின் நிறமும் கணக்கில் வரும். மஞ்சளோ செங்கல் நிறமோ பூசிய சுவர் நீல ஒளியை விழுங்கிவிடும். பெட்டிப் படத்தில் பளிச்சென்று இருந்த நீலம் சுவரில் அழுக்குச் சாம்பலாகத் தெரியலாம். திருகு முடுக்குவதற்கு முன் ஓர் இரவு கையில் பிடித்தே அடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது மழை. தூசியும் தண்ணீரும் புகாமல் எவ்வளவு காக்கும் என்பதைச் சொல்லும் ஐபி என்ற எண்ணில் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 44 என்றால் எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும், கூரை விளிம்புக்கு உள்ளே மாட்டலாம். 65 என்றால் பீய்ச்சியடிக்கும் நீரைத் தாங்கும், திறந்த சுவருக்கு இதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது. தரையோடு தரையாகப் பதிப்பதற்கு இதுதான் சரி.

ஆனால் என் அனுபவத்தில் விளக்கு கெட்டதைவிட இணைப்பு கெட்டதுதான் அதிகம். நடைபாதை விளக்கு ஒன்று நீலத்தை மட்டும் விட்டுவிட்டு எரிந்தது. கனெக்டரைக் கழற்றினால் உள்ளே நான்கு பின்களில் ஒன்றைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. ஈரம் கோர்த்த இடத்தில் மின்சாரம் ஓடினால் செம்பு இப்படித்தான் அரிக்கும். சுரண்டி எடுத்ததும் நீலம் திரும்ப வந்தது. அதற்குப் பிறகு எல்லா இணைப்புகளையும் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிக் கட்டி, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி திருப்பி வைத்தேன். வயர் இணைப்புப் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விட்டால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஸ்ட்ரிப், அதாவது எல்இடி வரிசையாகப் பதித்த நாடா, வாங்குவதானால் மேலே சிலிக்கோன் உறை இருக்கட்டும். எபாக்ஸி பூசியது வெயிலில் மஞ்சளித்து வெடித்துவிடும்.

நீளமான ஸ்ட்ரிப்பில் இன்னொன்றையும் கவனிக்கலாம். வெள்ளை போட்டால் தொடக்கத்தில் வெள்ளையாகவும் கடைசியில் இளஞ்சிவப்பாகவும் எரியும். பொருளில் பழுது இல்லை. போகப் போக மின்னழுத்தம் குறைகிறது. சிவப்பு எல்இடிக்குச் சுமார் 2 வோல்ட் போதும், நீலத்துக்கும் பச்சைக்கும் 3 வோல்ட் அளவில் வேண்டும். அதனால் அவை இரண்டும் முதலில் சோர்ந்துவிடும். 12 வோல்ட்டைவிட 24 வோல்ட் ஸ்ட்ரிப்பில் இந்தத் தொல்லை குறைவு. இரண்டு முனையிலும் மின்சாரம் கொடுத்தாலும் சரியாகிவிடும். நேரடி வீட்டு மின்சாரத்தில் எரியும் விளக்கு என்றால் எலக்ட்ரீஷியனை வைத்துத்தான் மாட்ட வேண்டும், கசிவு வந்தால் துண்டிக்கும் பிரேக்கரும் அந்த லைனில் இருந்தே ஆக வேண்டும். இதில் சமரசமே கூடாது.

வைஃபை விளக்குகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில்தான் இயங்கும். மாட்டப்போகும் இடத்தில் போனை வைத்து சிக்னல் பாருங்கள், கதவை மூடிவிட்டும் பாருங்கள். பிலிப்ஸ் ஹியூ போன்றவை ஜிக்பீ என்ற கம்பியில்லா முறையில் ஒரு விளக்கிலிருந்து அடுத்ததற்குக் கட்டளையைக் கடத்துவதால் தோட்டத்தின் கோடி வரை எட்டும். ஆனால் நடுவில் யாராவது சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் சங்கிலி அறுந்துபோகலாம்.

என்னிடம் இருந்த ஒரு செட் முழுக்க நிறுவனத்தின் சர்வரை நம்பியே ஓடியது. இணையம் போன இரவுகளில் அதை ஆப்பிலிருந்து அணைக்கக்கூட முடியவில்லை. அப்புறம் வாங்கியதெல்லாம் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே இயங்குபவைதான். வெவ்வேறு நிறுவனங்களின் ஸ்மார்ட் பொருட்கள் ஒன்றாக இயங்குவதற்காக 2022 அக்டோபரில் வெளிவந்த மேட்டர் என்ற பொதுத் தரத்தின் முத்திரை இருந்தால் அணைப்பது, மங்கவைப்பது, நிறம் மாற்றுவது எல்லாம் இணையம் இல்லாமலே நடக்கும். ஓடும் நிறங்கள் மாதிரியான வேடிக்கைகளுக்கு இப்போதும் பெரும்பாலும் அந்தந்த ஆப்தான் கதி.

மின்தடை முடிந்து மின்சாரம் வரும்போது விளக்கு என்ன செய்யும் என்பதையும் கேட்டு வாங்குங்கள். பழைய நிலைக்குத் திரும்பும் வசதி இல்லாத விளக்கு, நள்ளிரவில் முழு வெள்ளையில் எரிந்து தெருவையே எழுப்பும்.

சூரியன் மறையும் நேரத்தைத் தானே கணக்கிட்டு எரிகிற வசதியைத்தான் நான் தினமும் அனுபவிக்கிறேன். பத்து மணிக்கு மேல் ஆம்பர் என்ற தேன் மஞ்சள் நிறத்துக்கு மாறி மங்கும்படியும் வைத்திருக்கிறேன். நீலமும் குளிர் வெள்ளையும் பூச்சிகளை அதிகம் இழுக்கும். ஆம்பருக்கு மாற்றியதும் விளக்கடியில் செத்துக் கிடக்கும் பூச்சிகள் கண்கூடாகக் குறைந்தன. ஒளி கீழ்நோக்கி விழும்படி மாட்டினால் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் தொந்தரவு இல்லை.

ஆயுள் 25,000 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். இரவுக்கு 6 மணி நேரம் என்றால் 11 வருடத்துக்கு மேல் வரும். அது எல்இடிக்கான கணக்கு. அதற்கு வெகு முன்பே வெயிலில் காயும் அடாப்டர் போய்விடும். அதனால் அடாப்டர் தனியாகக் கழன்று வருகிற மாடலாகப் பார்த்து வாங்கி, அதை நிழலில், ஏணி இல்லாமல் கை எட்டும் உயரத்தில் மாட்டுங்கள்.