விஆர்எஸ் (விருப்ப ஓய்வு) வாங்கியவர்களுக்கு அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் எப்படி?

பெயரைப் பார்த்துவிட்டு, 60 ஆகட்டும் என்று பலர் காத்திருந்துவிடுகிறார்கள். விஆர்எஸ் வாங்கியவர் 55 வயதிலேயே இதில் சேரலாம். ஆனால் ஓய்வுப் பலன் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் சேர்ந்துவிட வேண்டும். 2023 நவம்பருக்கு முன் இந்தக் கெடு ஒரே மாதம்தான். கடனை அடைப்பதா, மாடி கட்டுவதா என்ற யோசனையிலேயே கெடு தாண்டிவிட்டால் 60 வரை சேர வழியில்லை. எந்தப் பணி, எத்தனை ஆண்டு, எவ்வளவு பலன் என்று அலுவலகம் தரும் சான்று கட்டாயம்; விடைபெறும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். அந்தப் பலன் தொகைக்கு மேல் போட முடியாது. உச்சவரம்பு 30 லட்சம்.

வட்டி 2023 ஏப்ரல் முதல் 8.2 சதவீதம். சேரும் நாளில் உள்ள விகிதம் 5 ஆண்டுக்கும் மாறாது. 15 லட்சம் போட்டால் காலாண்டுக்கு 30,750 ரூபாய். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி முதல் தேதிகளில் வரும்.

மாதச் சம்பளத்துக்குப் பழகிய வீடு தடுமாறுவது இங்கேதான். மூன்று மாதப் பணம் மொத்தமாக வந்ததும் முதல் மாதம் தாராளம், மூன்றாம் மாதம் கைமாற்று. வட்டியைத் தனி சேமிப்புக் கணக்கில் விழச் செய்து, மாதாமாதம் 10,250 மட்டும் வீட்டுச் செலவுக் கணக்குக்கு மாற்றுங்கள். கூடவே அஞ்சலகத்தின் மாத வருமானத் திட்டத்தில் 9 லட்சம் போட்டால், 7.4 சதவீதக் கணக்கில் மாதம் 5,550 வரும். ஆக 15,800. சொந்த வீடு இருந்து, கடன் இல்லாத இருவருக்குச் சிற்றூரில் இது போதும் என்பது எங்கள் கணிப்பு. வட்டியை எடுக்காமல் விட்டுவைத்தால் அதற்கு மேல்வட்டி கிடையாது.

15 லட்சத்தை ஒரே கணக்கில் போடாதீர்கள். பாதிப் பணம் மட்டும் எடுக்க வழியில்லை. அவசரம் என்றால் முழுக் கணக்கையும் முடிக்க வேண்டும். ஓராண்டுக்குள் முடித்தால் கொடுத்த வட்டியை அசலில் பிடித்துக்கொள்வார்கள். இரண்டாம் ஆண்டில் 1.5 சதவீதம், அதன் பிறகு 1 சதவீதம் பிடித்தம். ஐந்தைந்து லட்சமாக மூன்று கணக்கு வைத்திருந்தால், இரண்டாம் ஆண்டில் ஒன்றை முடிக்க 7,500 தான் போகும். ஒரே கணக்கென்றால் 22,500.

பெரிய குறை, வருமானம் வளராது. ஐந்தாம் ஆண்டிலும் அதே 10,250 தான், அரிசி பருப்பு விலை அப்படி நிற்காது. அதனால் முதல் மாதத்திலிருந்தே 13,800 ரூபாயில் குடும்பத்தை ஓட்டப் பழகி, 2,000 ரூபாயை ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பில்) போடுவதே சரி. மருத்துவச் செலவுக்கான கையிருப்பை இந்த இரண்டு திட்டங்களிலும் பூட்டிவிடக் கூடாது.

வட்டிக்கு வரி உண்டு. வரி கட்டும் அளவு மொத்த வருமானம் இல்லாதவர்கள் அதற்கான உறுதிமொழிப் படிவத்தை ஆண்டுதோறும் ஏப்ரலிலேயே கொடுத்துவிட்டால் வரிப் பிடித்தம் வராது.

55-க்கு முன்பே வேலையை விட்டவர்களில் ராணுவத்தில் ஓய்வு பெற்றவர்கள் 50 வயதிலிருந்து சேரலாம். மற்றவர்களுக்கு இப்போதைக்கு மாத வருமானத் திட்டம்தான். தனியாக 9 லட்சம், கூட்டாக 15 லட்சம் வரை.