86 வயதில் தீவிர சிகிச்சை: ஒரு மருத்துவமனை அனுபவம்

இன்ஃபுளுயன்சா காய்ச்சல் நிமோனியாவாக முற்றி, மூச்சுத்திணறலுடன் சேர்க்கப்பட்ட என் 86 வயதுத் தாயாரை மதுரைத் தனியார் மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவினர் பொறுப்புடன் கவனித்தனர். வயதை மட்டும் பார்க்காமல், நோய்க்கு முன்பு அவர் தாமாக நடந்தாரா, குளித்தாரா என்றெல்லாம் விசாரித்து, 1 முதல் 9 வரையிலான உடல்தளர்ச்சி அளவுகோலில் மதிப்பிட்ட பிறகே, வென்டிலேட்டர் எனும் செயற்கைச் சுவாசக் கருவியால் கிடைக்கும் பயனையும், அதைத் தொடர்ந்து வரக்கூடிய தசைத்தளர்வு, மனக்குழப்பம் ஆகியவற்றையும் மருத்துவர் ஒளிவுமறைவின்றி விளக்கினார். அதற்காகத் தொண்டை வழியே மூச்சுப்பாதையில் குழாய் செலுத்துவதைத் தவிர்த்து, நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை ஆக்சிஜன் கலந்த காற்றைத் தரவல்ல மூக்குவழிக் கருவியைப் பொருத்தி, இன்ஃபுளுயன்சா வைரஸுக்கு எதிரான ஓசல்டாமிவிர் மருந்தையும் தொடங்கினர். பார்வை நேரம் நாளொன்றுக்குப் பத்தே நிமிடம் என்பது பெருங்குறை. காதுக்கருவியையும் கண்ணாடியையும் கழற்றி எங்களிடமே கொடுத்துவிட்டதால், இரவெல்லாம் அவர் இடம் புரியாமல் தவித்தார். கட்டண விவரத்தை மட்டும் நாள்தோறும் எழுத்தில் தந்தார்கள், கேட்காமலேயே.