ஹாஃப் டைம் 15 நிமிஷம்: உடனே பேசுற கோச்சா, பொறுத்துப் பேசுற கோச்சா?

ஃபுட்பால் ரூல்புக் படி ஹாஃப் டைம் 15 நிமிஷத்துக்கு மேல போகக்கூடாது. ஆனா கோச் கைல அவ்ளோ டைம் நிக்காது. கிரவுண்ட்ல இருந்து ரூமுக்கு நடந்து வரணும், திரும்பப் போகணும், ஒருத்தர் பாத்ரூம் போவாரு, ஒருத்தருக்கு கணுக்கால்ல டேப் மாத்தணும், இதெல்லாம் கழிச்சா பத்து நிமிஷம் மிஞ்சினாலே பெருசு. அந்த பத்து நிமிஷத்த எப்படிப் பிரிக்கிறாங்கங்கறதுல தான் ஒவ்வொரு கோச்சும் வேற வேற ஆளா தெரியுறாங்க.

முதல் வகை, கதவு சாத்துன உடனே ஆரம்பிக்கிறவங்க. பிளேயர்ஸ் உக்காரக்கூட இல்ல, அதுக்குள்ள சத்தம். இதுல ஒரு நல்லது இருக்கு, டீம் அசட்டையா ஆடுச்சுன்னா அது அப்பவே உறைக்கும். ஆனா மூச்சு வாங்கிட்டு, ஹார்ட் படபடன்னு அடிச்சுட்டு இருக்கிறவர் கிட்ட நீ எந்த லைன்ல நிக்கணும், யார மார்க் பண்ணணும்னு சொன்னா அவருக்கு கேக்குறது குரல் மட்டும் தான், விஷயம் உள்ள போகாது. அதவிட முக்கியம், கோச்சுக்கும் அந்த நேரத்துல ரத்தம் கொதிச்சுட்டு இருக்கும், கடைசி அஞ்சு நிமிஷத்துல வாங்குன கோல் மட்டும் தான் கண்ணு முன்னாடி நிக்கும், மீதி 40 நிமிஷம் மறந்தே போயிருக்கும்.

இதோட உச்சம்னா 2008 டிசம்பர் 26. இங்கிலாந்து பிரீமியர் லீக்ல மான்செஸ்டர் சிட்டி கிட்ட ஹல் சிட்டி ஹாஃப் டைம்ல 4-0ன்னு பின்னாடி. கோச் ஃபில் பிரவுன் டீம ரூமுக்கே கூட்டிட்டுப் போகல, கிரவுண்ட்லயே சொந்த ரசிகர்கள் முன்னாடி உக்கார வச்சு திட்டினாரு. மேட்ச் 5-1ல முடிஞ்சுது. அதுக்கப்புறம் அந்த சீசன் லீக்ல ஹல் ஜெயிச்சது ஒரே ஒரு மேட்ச், ஒரே ஒரு பாயின்ட் வித்தியாசத்துல தான் ரெலிகேஷன்ல இருந்து, அதாவது கீழ் டிவிஷனுக்கு இறங்குறதுல இருந்து தப்பிச்சாங்க. எல்லாத்துக்கும் அந்தப் பேச்சு தான் காரணம்னு நான் சொல்ல வரல, ஆனா அது டீமுக்கு எதையும் சம்பாதிச்சுக் கொடுக்கலங்கறது தெளிவு.

சத்தம் போட்டாலே தப்பான்னு கேட்டா, இல்ல. 2022 வேர்ல்ட் கப்ல அர்ஜென்டினா கிட்ட 1-0ன்னு பின்னாடி இருந்தப்ப சவுதி அரேபியா கோச் எர்வே ரெனார் ரூம்ல பேசுன வீடியோ நிறைய பேர் பாத்திருப்பீங்க. மனுஷன் கத்துறாரு, ஆனா அந்தக் கத்தலுக்குள்ள ஒரு வேலை இருந்துச்சு: மெஸ்ஸி கிரவுண்ட் நடுவுல பால வச்சுட்டு நிக்கிறாரு, நீங்க கிட்டயே போக மாட்டேங்கிறீங்க, வேணும்னா போன எடுத்துட்டுப் போய் அவரோட போட்டோ எடுத்துக்கோங்கன்னு கேட்டாரு. 48வது நிமிஷம் ஒரு கோல், 53ல இன்னொண்ணு, 2-1. கோவம் எவ்ளோங்கறது இங்க பிரச்சனையே இல்ல, அதுக்குள்ள பிளேயர் போய் செய்யுற மாதிரி ஏதாவது இருக்கான்னு தான் பாக்கணும்.

ரெண்டாவது வகை தான் என் கட்சி. முதல் மூணு நாலு நிமிஷம் கோச் ரூமுக்குள்ள பேசவே மாட்டாரு. பிளேயர்ஸ் தண்ணி குடிப்பாங்க, அவங்களுக்குள்ள பேசிப்பாங்க, அந்த நேரத்துல கோச் வெளிய அசிஸ்டென்ட், அனலிஸ்ட், பிசியோ மூணு பேர் கிட்டயும் கேட்டுட்டு தான் உள்ள வருவாரு. பிசியோ கிட்ட முதல்ல கேக்கணும்னு நான் அழுத்தி சொல்றதுக்கு 2005 சாம்பியன்ஸ் லீக் இஸ்தான்புல் ஃபைனலே போதும். லிவர்பூல் மிலான் கிட்ட 3-0ன்னு பின்னாடி, லிவர்பூல் கோச் ரஃபா பெனிடெஸ் லெஃப்ட் பேக் த்ரயோரேவ வெளிய எடுக்கப்போறதா சொல்லிட்டாரு, அப்புறம் பாத்தா ரைட் பேக் ஃபின்னனுக்கு அடி, அவரால தொடர முடியாதுன்னு மெடிக்கல் ஆளுங்க சொல்றாங்க. பிளான மாத்தி த்ரயோரேவ திரும்ப ரெடியாகச் சொல்லி, மிட்ஃபீல்டர் ஹமான உள்ள விட்டு டிஃபென்ஸ்ல மூணு பேர்னு மாத்தினாரு. 54, 56, 60ன்னு ஆறு நிமிஷத்துல மூணு கோல், கடைசில பெனால்டில கப். எல்லாரும் இத பெரிய மோட்டிவேஷன் கதையா சொல்றாங்க, எனக்கு அதுல தெரியுறது மிட்ஃபீல்ட்ல மிலானோட காகாவுக்கு கிடைச்சுட்டு இருந்த இடத்த அடைச்ச ஒரு மாற்றம் தான்.

மூணாவது, பிளேயர்ஸே முதல்ல பேசட்டும்னு விடுறவங்க. சீனியர்ஸ் நிறைய இருக்கிற டீம்ல அருமையா ஓடும். சின்னப் பசங்க டீம்ல குரல் பெருசா இருக்கிறவன் ஒருத்தனே பேசிட்டு இருப்பான், வேண்டாம்.

பேசுறது ஒரு பக்கம், உடம்பு இன்னொரு பக்கம். பெரும்பாலான கோச்சுங்க சொதப்புறது இங்க தான். 15 நிமிஷம் சும்மா உக்காந்தா தசையோட சூடு ஒண்ணு ரெண்டு டிகிரி இறங்கிடும், ஸ்பிரின்ட் வேகம் குறையும், செகண்ட் ஹாஃப் ஆரம்பத்துல கால் கட்டுன மாதிரி ஓடுறதுக்கு இதுவும் ஒரு காரணம். 2024 கோப்பா அமெரிக்கா ஃபைனல்ல ஷோவுக்காக பிரேக்க நீட்டுறத கொலம்பியா கோச் லொரென்சோ மேட்ச்சுக்கு முன்னாடியே எதிர்த்துப் பேசினதுல நியாயம் இருக்கு. அதனால கடைசி மூணு நிமிஷத்த பேச்சுல இருந்து பிடுங்கி குதிக்கிறது, சின்னச் சின்ன ஸ்பிரின்ட்னு கொடுத்தே ஆகணும். சப்ஸ்டிட்யூட் விஷயமும் இதே தான். ஹாஃப் டைம்ல ஆள் மாத்தினா, மேட்ச் நடுவுல ஆள் மாத்தக் கிடைக்கிற மூணு வாய்ப்புல ஒண்ணா அது கணக்காகாது, அதனால எல்லாரும் அப்ப மாத்தத் தான் பாப்பாங்க, ஆனா உள்ள போறவர் 40வது நிமிஷத்துலயே வார்ம் அப் ஆரம்பிச்சிருந்தா தான் அந்த லாபம் கைக்கு வரும்.

டேப்லெட்ல கிளிப் போடுறவங்களுக்கு: ரெண்டு கிளிப், அதுவும் டிஃபென்ஸ்க்கு தனியா, ஃபார்வர்ட்ஸ்க்கு தனியா. எல்லாருக்கும் எல்லாத்தையும் காட்டினா ஸ்ட்ரைக்கர் உக்காந்து ஆஃப்சைடு லைன் பத்தி கேட்டுட்டு இருப்பாரு.

ஆக என் டைம்டேபிள்: மூணு நிமிஷம் அமைதி, நாலு நிமிஷம் கோச் (ரெண்டு விஷயம், மூணாவது வேண்டாம்), மிச்சம் உடம்புக்கு. ஹாஃப் டைமே பத்து நிமிஷம் தான்னு இருக்கிற ஜூனியர் மேட்ச்னா முதல்ல கிளிப்ப வெட்டுங்க, அடுத்து கோச் பேச்சுல ரெண்டு நிமிஷத்த வெட்டுங்க, அந்த முதல் அமைதில மட்டும் கை வைக்காதீங்க.