சாமான் பட்டியல்: கதையா, தோட்டத்துப் பாதையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் இரவுச் சந்தைக்குக் கிளம்பும்போது வீட்டில் வாயாலேயே சொல்லியனுப்பும் பட்டியல் இப்படி இருக்கும்: கருவாடு, மின்குமிழ், கோலமாவு, செருப்பு, கத்தரிக்கோல், ஊதுபத்தி. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சாம்பார்ச் சாமான் என்றால் பருப்பே புளியை இழுத்துக்கொண்டு வரும். கருவாடு மின்குமிழை இழுத்து வராது. இப்படித் தனித்தனியாக நிற்பவற்றில் மனம் ஒரே நேரத்தில் ஏந்துவது நாலைந்துதான். வழியில் யாராவது நிறுத்தி இரண்டு வார்த்தை பேசிவிட்டால், கடைசியாகக் கேட்டவை உதிர்ந்துவிடும்.

முணுமுணுத்துக்கொண்டே போவது சந்தை வாசல்வரை தாங்கும், அவ்வளவுதான். பட்டியலை மனத்தில் நிறுத்தும் உத்திகளில் உண்மையான போட்டி, சாமான்களைக் கோத்துக் கட்டும் கதைக்கும் அவற்றை இடம் இடமாக வைத்துப்போகும் பாதைக்கும்.

கதை கட்டுவதை மட்டமாகச் சொல்ல முடியாது. 1969இல் உளவியலாளர்கள் பௌவரும் கிளார்க்கும் நடத்திய சோதனையில், பத்துப் பத்துச் சொற்களாக 12 பட்டியல்களைக் கதையாக்கிப் படித்தவர்கள் பிறகு 93 விழுக்காடு சொன்னார்கள். வெறுமனே படித்தவர்கள் 13 விழுக்காடுதான்.

ஆனாலும் நான் பிடித்துக்கொண்டது பாதையை. கிரேக்கக் கவி சிமோனிடிஸ் பெயரில் வழங்கும் பழைய உத்தி இது: பழகிய வழியில் இடத்துக்கொன்றாகப் பொருளைப் போட்டுவிட்டு, பிறகு மனத்தால் நடந்துபோய் எடுப்பது. ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு வழிக்கா பஞ்சம்? மாரியம்மன் கோயில் மணியில் கருவாட்டைக் கட்டித் தொங்கவிடுகிறேன் (ஆத்தாள் பொறுத்துக்கொள்வாள்). வேலையாட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும் கங்காணியின் வாயில் மின்குமிழ். ரப்பர்ப் பால் கொட்டகை வாளி நிறையக் கோலமாவு. தோட்டத்து எழுத்தரான கிராணி வீட்டுப் படியில் செருப்பு. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துத் தள்ளியிருந்தாலும் கவலையில்லை, வழி மனத்தில் இருந்தால் போதும்.

என்னை இந்தப் பக்கம் சாய்த்தது ஒன்றுதான். கதையில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்குப் பின்னால் வருபவை கைக்கு எட்டுவதில்லை. பாதையில் கங்காணி வெறும் வாயோடு நின்றாலும் பால் கொட்டகை அதன் இடத்திலேயே இருக்கிறது. மின்குமிழ் ஒன்றுதான் நட்டம். எது விட்டுப்போனது என்பதையும் அந்தக் காலி இடமே காட்டிக்கொடுத்துவிடும்.

பராமரிப்பில் மட்டும் பாதை தொல்லை தரும். அடுத்த வாரமும் அதே மணியைத் தேடிப் போனால் பழைய கருவாடு இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் கோயில் வழியை ஒரு வாரம், பள்ளிக்கூட வழியை மறுவாரம் என்று மாற்றி மாற்றி நடக்கிறேன். கதைக்கு இந்தத் தலைவலி குறைவு, வாரந்தோறும் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். நாளைய பரீட்சையோடு தேவை தீர்ந்துவிடும் பட்டியல் என்றால் பிள்ளைகளுக்கு நானே கதையைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

இருபதுக்கு மேல் போகும் பட்டியலை எந்த வழியிலும் நடத்திப் பார்த்ததில்லை. அந்த அளவுக்குச் சாமான் வந்துவிட்டால் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன்.