எலக்ட்ரானிக் செட்டா, மர ட்ரம் செட்டா?

வாசித்துப் பிழைக்கிற ட்ரம்மர்கள் இந்தக் கேள்வியை என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். நான் வாங்கியது மர செட். மும்பையில் நடக்கும் பாம் எக்ஸ்போ என்ற ஒலி, ஒளி, இசைக்கருவிக் கண்காட்சிக்கு டெமோ வாசிக்கப் போனபோது இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுத்தேன்.

கண்காட்சியை மட்டும் வைத்துப் பார்த்தால் எலக்ட்ரானிக் செட்தான் ஜெயிக்கும். அங்கே ட்ரம்மருக்கு மூச்சு விட நேரம் இருக்காது. ஒரு டெமோ முடித்து வியர்வையைத் துடைப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். நடுவில் டீலர்களோடு பேச வேண்டும், "இந்தப் பெடலை மிதிச்சுப் பாருங்க" என்று இழுப்பவர்களுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். அரங்கு முழுக்க ஸ்பீக்கர் இரைச்சல் என்பதால் மர செட்டின் உண்மையான நாதம் காதில் விழாது. எலக்ட்ரானிக் செட்டில் ஹெட்போனை மாட்டினால் போதும், ஸ்டூடியோவில் பதிவு செய்த கிக், அதாவது காலால் அடிக்கும் பெரிய ட்ரம்மின் சத்தம், நேராகக் காதுக்குள் இறங்கும். ஏசி, சீரான மின்சாரம், கோளாறு என்றால் ஓடிவர கம்பெனி ஆள் எல்லாம் அங்கே உண்டு. குடியாத்தம் தெருவில் போட்ட மேடையில் இதில் ஒன்றும் கிடையாது.

எடை, இடம், சத்தம் எல்லாம் தெரிந்த கதை. வேலூர் சத்துவாச்சாரியில் அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு ராத்திரி பயிற்சி செய்ய வேண்டுமா, யோசிக்காமல் எலக்ட்ரானிக் வாங்குங்கள். 1997-இல் ரோலண்ட் கம்பெனி வலைத்தோல் பேடுகளை (தோலுக்குப் பதில் வலை இழுத்துக் கட்டிய தட்டுகளை) கொண்டுவந்த பிறகு குச்சி துள்ளுவதும் ஏறக்குறைய இயல்பாகிவிட்டது. எதிரொலி அதிகமுள்ள சின்ன சர்ச்சுக்கும் அதுவே நல்லது.

மேடைக்கு என்று வந்தால் நான் முதலில் பார்ப்பது ரிப்பேர். பாட்டு நடுவில் ஸ்நேர் என்கிற நடு ட்ரம்மின் தோல் கிழிகிறது என்று வையுங்கள். பையில் 14 இன்ச் தோல் ஒன்று எப்போதும் இருக்கும். சாவியால் தோலை இறுக்கும் பத்துக் கம்பிகளையும் தளர்த்தி, வளையத்தைத் தூக்கி, கிழிந்ததை எடுத்து, விளிம்பைத் துணியால் துடைத்துப் புதுசை வைக்க வேண்டும். கம்பிகளை முதலில் விரலாலேயே முறுக்கிவிட்டு, அப்புறம் சாவி போட்டு எதிரெதிராக அரைத்திருகு அரைத்திருகாக ஏற்ற வேண்டும். விழாக்குழு நன்கொடையாளர் பெயர்களை வாசித்து முடிப்பதற்குள் செட் தயாராகிவிடும்.

எலக்ட்ரானிக் செட்டில் ஒவ்வொரு பேடுக்கு அடியிலும் ஒரு சென்சார். எல்லா வயரும் ஒரே மாட்யூலில், அதாவது சத்தத்தை உண்டாக்கும் பெட்டியில், போய்ச் சேர்கின்றன. ஒரு சென்சார் போனால் அந்த ஒரு ட்ரம் ஊமையாகும். மாட்யூல் போனால் மொத்த செட்டும் படுத்துவிடும். அதை மேடையில் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது. சென்னைக்கு அனுப்பிவிட்டு, உதிரிபாகம் வரும்வரை காத்திருக்க வேண்டும். வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழா. அந்த சீசனில் செட் கையில் இல்லையென்றால் வருமானமும் இல்லை.

அப்புறம் கரண்ட். லைன் போய் ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் மாட்யூல் அணைந்துவிடும். அது மறுபடி எழுந்து, நீங்கள் பாட்டுக்கான சத்தத் தொகுப்பைத் தேர்ந்தெடுப்பதற்குள் பாட்டு கைவிட்டுப் போயிருக்கும். மர செட் இருட்டிலும் தாளத்தை விடாது. கூட்டம் கைதட்டிக்கொண்டே நிற்கும், கீபோர்டுக்காரர் கரண்ட் வந்ததும் அதே டெம்போவில் வந்து ஒட்டிக்கொள்வார். யுபிஎஸ் வைக்கலாம்தான், ஆனால் வேனில் ஏற்ற இன்னொரு சாமான் ஆயிற்று.

மர செட்டிலும் செலவு உண்டு, முக்கியமாக சிம்பல் என்கிற உலோகத் தட்டு. செம்பு 80, வெள்ளீயம் 20 சதவீதம் சேர்ந்த பி20 வகையின் நாதமே தனி. ஆனால் விளிம்பில் விரிசல் விட்டால் பழைய நாதம் திரும்பாது. சாய்வாக மாட்டி, நட்டை லேசாக விட்டு வாசித்தால் ரொம்ப நாள் உழைக்கும்.

மறுவிற்பனையில் என் அனுபவம் பாதிதான். மர செட் விற்றிருக்கிறேன், எலக்ட்ரானிக் விற்றதில்லை. விற்ற நண்பர்களிடம், புது மாடல் வந்துவிட்டது என்று சொல்லி விலையைக் குறைத்தே கேட்டார்களாம்.

தபேலா, டோலக், தவில் சத்தம் இல்லாமல் ஆர்கெஸ்ட்ரா ஓடாது என்பது உண்மைதான். அதற்கு மர செட் பக்கத்தில், குச்சியால் தட்டினால் இந்தச் சத்தங்களைத் தரும் எட்டுத் தட்டு எலக்ட்ரானிக் கருவியான ஆக்டோபேட் ஒன்று போதும். நடுவில் அது மக்கர் பண்ணினாலும் அந்தப் பாட்டை ட்ரம்மிலேயே ஒப்பேற்றிவிடலாம்.