ப்ளெண்டரும் ரிசால்வும் டெல்டா மாணவருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

அனிமேஷன், விஎஃப்எக்ஸ் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். எந்த மென்பொருள், எந்த சிஸ்டம் என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. காசில்லாமல் கிடைக்கும் ப்ளெண்டர் என்ற 3டி அனிமேஷன் மென்பொருளையும் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளையும் வருடக் கணக்கில் வீட்டில் வைத்துப் புழங்கிய பிறகு சொல்கிறேன்: முதல் வேலைக்குத் தேவையான அளவுக்கு இவை தாராளமாகப் போதும். ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே காட்சிகளை ஒன்றுசேர்க்கும் ஃப்யூஷன் இருக்கிறது, 3840×2160 வரை வெளியே எடுக்கலாம். படிக்கிற காலத்தில் அந்த எல்லையைத் தொடவே மாட்டீர்கள். பிள்ளைகள் இடறி விழுவது டைமிங்கிலும், கரண்ட்டிலும், சூட்டிலும்.

டைமிங்கிலிருந்து தொடங்குவோம். முதல் ஆறு மாதம் ரெண்டர், அதாவது காட்சியை இறுதிப் படமாக எடுக்கும் பட்டனைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. பந்து, ஊஞ்சல், தலையாட்டி பொம்மை, இவை மூன்றையும் சரியாக அசைக்கத் தெரிந்தால் மீதி எல்லாம் அதன்மேல் வரும்.

பந்து மேலே இருக்கும் நிலைக்கு ஒரு கீஃப்ரேம் (இந்த நேரத்தில் இங்கே இருக்க வேண்டும் என்ற குறி), தரையில் ஒன்று, மறுபடி மேலே ஒன்று என வைத்து ஓட்டிப் பாருங்கள். தரைக்கு வரும்போது பந்து வேகம் குறைந்து, மிதந்து எழும். ப்ளெண்டர் தானாகப் போடும் பெசியர் வளைவு மேல் கீ, கீழ் கீ இரண்டையும் ஒரே மாதிரி மழுக்கிவிடுவதுதான் காரணம். அசைவை வளைகோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் இசட் லொக்கேஷன் (உயரம்) வளைவை மட்டும் வைத்துக்கொண்டு, தரையிலுள்ள கீயைத் தேர்ந்து 'வி' அழுத்தி ஹேண்டிலை (வளைவைத் திருத்தும் கைப்பிடி) வெக்டராக மாற்றுங்கள். மேலே உள்ள கீயின் ஹேண்டில்களை இரண்டு பக்கமும் கொஞ்சம் இழுத்து நீட்டுங்கள். பந்து மேலே தங்கும், கீழே சுள்ளென்று அடித்து எழும். தரையில் அடிக்கும்போது பந்தை நசுக்கினால் அதன் பருமன் மாறக் கூடாது. உயரத்தை 0.8 ஆக்கினால் மற்ற இரண்டு பக்கமும் 1.12 ஆக வேண்டும். நிறையப் பேர் 1.2 போட்டுவிட்டு, பந்து ஏன் திடீரென ஊதுகிறது என்று முழிப்பார்கள்.

அடுத்தது அளவு. நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில், 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட 11 ஃபிரேம் எடுக்கும். 15 மீட்டர் தென்னையிலிருந்து காய் விழ 1.75 நொடி, அதாவது 42 ஃபிரேம். மாணவர்கள் பழக்கத்தில் 15 ஃபிரேமிலேயே காயைத் தரைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். மாடலிங், டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படம்) எல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மரம் 2 மீட்டர் குட்டிக் கன்றாகத்தான் தெரியும். பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் நம்ப மாட்டார். அதேபோல 2 மீட்டர் சங்கிலி போட்ட கூடத்து ஊஞ்சல் ஒரு முறை போய்த் திரும்ப 68 ஃபிரேம் ஆகும். ஆள் எடை கூடினாலும் குறைந்தாலும் இது மாறாது. சங்கிலி நீளம் மாறினால்தான் மாறும்.

தலையாட்டி பொம்மை நம் ஊரின் பெரிய கொடை. தஞ்சாவூரில் விற்கும் அந்த நடனப் பெண் பொம்மையில் தலை, உடல், பாவாடை எல்லாம் தனித்தனித் துண்டுகள்; கம்பிமேல் தொங்கி ஆடுபவை. ஒரு பாகம் நின்ற பிறகும் இன்னொன்று தொடர்ந்து அசைவதைக் கற்க இதைவிட நல்ல பாடம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. மொபைலில் 120 ஃபிரேம் ஸ்லோ மோஷனில் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் 5 ஃபிரேம், உங்கள் டைம்லைனில் 1 ஃபிரேம். பாவாடை எந்த ஃபிரேமில் திரும்புகிறது, தலை எதில் திரும்புகிறது என்று நோட்டில் எழுதிவிட்டுத்தான் ப்ளெண்டரைத் திறக்க வேண்டும்.

இங்கே இரண்டு தவறு வாடிக்கையாக நடக்கும். ஒன்று, துண்டின் ஆரிஜின் (அது சுழலும் மையப் புள்ளி) அதன் நடுவயிற்றில் இருக்கும். அப்படியே சுழற்றினால் கழுத்து உடலுக்குள் குத்திக்கொண்டு போகும். கம்பி தாங்கும் புள்ளியில் 3டி கர்சரை வைத்து, ஆரிஜினை அங்கே மாற்றியாக வேண்டும். அதற்கும் முன்னால் கன்ட்ரோல் ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்யுங்கள். இல்லையென்றால் பேரன்ட் செய்து (ஒரு துண்டை இன்னொன்றோடு இணைத்து) சுழற்றும்போது துண்டு கோணலாக இழுபடும். இரண்டாவது தவறு, ஒரே அசைவை நகலெடுத்து ஒவ்வொரு துண்டுக்கும் 3 ஃபிரேம் தள்ளி வைப்பது. உண்மையில் ஒவ்வொரு துண்டுக்கும் தனி ஆட்ட வேகம் உண்டு. பெரிய பாவாடையும் சின்னத் தலையும் ஒரே தாளத்தில் ஆடுவதில்லை. தள்ளி வைத்தது இயந்திரமாகத் தெரிவது அதனால்தான்.

இனி சிஸ்டம். ப்ளெண்டருக்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி ரேம் என்று போட்டிருப்பார்கள். அதில் திறக்கும், வேலை நடக்காது. 16 ஜிபி வைத்துத் தொடங்கி, பிறகு 32 ஆக்கலாம். கிராபிக்ஸ் கார்டில் வேகத்தைவிட மெமரியைப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டின் 12 ஜிபி, அதற்கு அடுத்து வந்த 4060 கார்டின் 8 ஜிபியைவிடப் படிக்கிறவருக்கு உதவும் என்பது என் தீர்மானமான கருத்து. கணக்கு எளிது: ஒரு 4கே டெக்ஸ்சர் மெமரியில் 64 எம்பி பிடிக்கும். ஒரு மெட்டீரியலுக்கு நான்கு மேப் (நிறம், மேடுபள்ளம் போன்றவற்றுக்கான டெக்ஸ்சர்) என்றால் 256 எம்பி. இருபது மெட்டீரியல் போட்டால் 5 ஜிபி அதிலேயே காலி. தூரத்தில் தெரியும் பொருளுக்கு 1கே போதும், பக்கத்தில் இருப்பதற்கு 2கே. டவுன்லோடும் சீக்கிரம் முடியும்.

லேப்டாப் வாங்காதீர்கள் என்று சொல்ல மனம் வராது, கல்லூரிக்கும் வீட்டுக்கும் அலைகிறவருக்கு அதுதான் வழி. ஆனால் கத்திரி வெயிலில் ஓட்டுவீட்டு அறையில் லேப்டாப்பில் ராத்திரி முழுக்க ரெண்டர் போட்டால் சூடேறி, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டெஸ்க்டாப்பிலும் கார்டின் பவர் லிமிட்டை 75-80 சதவீதத்துக்கு இறக்கி வையுங்கள். வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடு நன்றாகவே தணியும். அறுவடை சமயத்தில் கதிரடிக்கும் தூசி கேபினெட்டுக்குள் அப்பிக்கொள்ளும். அந்த மாதங்களில் ஃபில்டரை வாரம் ஒரு முறை தட்டுங்கள். நாகை, வேளாங்கண்ணி மாதிரிக் கடலோரம் என்றால் உப்புக்காற்றில் ரேமின் தொடுமுனை கறுக்கும். சிஸ்டம் ஆன் ஆகாமல் பீப் அடித்தால் போர்டு போய்விட்டது என்று பதறாமல், ரேமைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் தேய்த்துப் போட்டுப் பாருங்கள்.

கரண்ட் கணக்கு இது. 10 நொடி ஷாட் 240 ஃபிரேம். ஒரு ஃபிரேமுக்கு 3 நிமிடம் என்றால் 12 மணி நேரம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் காலை 9 மணிக்குத் தொடங்கும் என்றால், முந்தின நாள் மாலை 6 மணிக்கே ரெண்டரைப் போட்டுவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் எந்த நேரத்தில் போகும் என்று கணக்கே கிடையாது. அதனால் நேராக எம்பி4 ஆக ரெண்டர் செய்யவே செய்யாதீர்கள். நடுவில் நின்றால் மொத்தக் கோப்பும் திறக்காது. பிஎன்ஜி அல்லது ஓப்பன் இஎக்ஸ்ஆர் படங்களின் வரிசையாக எடுத்தால் 170ஆவது ஃபிரேமில் கரண்ட் போனாலும் 169 பத்திரம்.

அவுட்புட் பகுதியில் 'ஓவர்ரைட்' டிக்கை எடுத்துவிட்டு 'ப்ளேஸ்ஹோல்டர்ஸ்' டிக்கைப் போடுங்கள். மறுபடி ரெண்டர் கொடுத்தால் முடிந்த ஃபிரேம்களைத் தாண்டி, விட்ட இடத்திலிருந்து போகும். இதில் ஒரு சிக்கல் உண்டு. கரண்ட் போன நொடியில் ஓடிக்கொண்டிருந்த ஃபிரேம் 0 கேபி கோப்பாக நிற்கும். முடிந்துவிட்டது என்று எண்ணி ப்ளெண்டர் அதையும் தாண்டிவிடும். ஃபோல்டரை அளவு வாரியாக அடுக்கி, 0 கேபி கோப்பை அழித்துவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும்.

600 விஏ யுபிஎஸ் தருவது பெரும்பாலும் 360 வாட். முழு வேகத்தில் ரெண்டர் ஓடும் சிஸ்டத்தைச் சில நிமிடம் தாங்கும், சேமித்து நிறுத்த அது போதும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதென்றால் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும், பின்னாலிருக்கும் சுவிட்ச் யுபிஎஸ் மோடில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மாறும் அந்தக் கணத்திலேயே சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகும்.

ப்ளெண்டரின் ரெண்டர் இன்ஜினான சைக்கிள்ஸில் மேக்ஸ் சாம்பிள் (ஒரு பிக்சலுக்கு எத்தனை முறை ஒளியைக் கணக்கிடலாம்) 4096, நாய்ஸ் த்ரெஷோல்டு (எவ்வளவு புள்ளி இரைச்சல் இருந்தால் நிறுத்தலாம்) 0.01 என்று வரும். படிக்கிறவருக்கு 256, 0.05, கூடவே டீநாய்ஸ் (மீதி இரைச்சலைத் துடைப்பது) போதும். ஒரே ஒரு படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பத்துத் தொடர் ஃபிரேம் எடுத்து ஓட்டிப் பாருங்கள். சாம்பிள் பற்றாவிட்டால் நிழலில் திட்டுத்திட்டாகக் கொதிப்பது அப்போதுதான் தெரியும்.

வீடியோவில் கேமரா நகர்ந்ததைக் கணக்கிட்டு 3டி பொருளை அதோடு பொருத்துவதுதான் மேட்ச் மூவ். அதைக் கற்க வயல்வெளி கண்ணுக்குக் குளிர்ச்சி, புள்ளிகளைப் பின்தொடரும் ட்ராக்கருக்கோ எமன். நெற்பயிர் காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும், அதில் வைத்த புள்ளி ஒன்றும் நிலைக்காது. பம்ப்செட் கொட்டகையின் மூலை, மின்கம்பத்தின் அடி, வரப்பில் கிடக்கும் கல், மதகின் விளிம்பு, இவற்றில் வையுங்கள். கிட்டத்திலும் தூரத்திலும் கலந்திருக்க வேண்டும். எல்லாம் தூரத்தில் இருந்தால் ஆழமே கிடைக்காது. முதல், கடைசி கீஃப்ரேம் இரண்டிலும் தெரிகிற புள்ளி குறைந்தது 8 வேண்டும். சால்வ் எரர் (கணக்கிட்ட இடத்துக்கும் வீடியோவில் புள்ளி இருக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம்) 1 பிக்சலுக்குள் வந்தால் தொடரலாம், 0.5க்குக் கீழே என்றால் நிம்மதி. எண் குறைய வேண்டும் என்று நல்ல புள்ளிகளையும் அழித்துத் தள்ளினால் எண் குறையும், பொருள் தரையில் வழுக்கும்.

மொபைலில் எடுக்கும்போது ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு ஃபிரேமையும் வேறு வேறாக வெட்டி நகர்த்துவதால் லென்ஸ் கணக்கே குழம்பிவிடும். ஃபோகஸ், எக்ஸ்போஷர் இரண்டையும் பூட்டுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் பட்டை ஓடாது. மொபைல் வீடியோவின் ஃபிரேம் ரேட் நிலையாக இருக்காது. ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' கொடுத்து மாற்றிவிட்டுத்தான் ட்ராக்கிங்குக்கு எடுக்க வேண்டும். கோபுரத்தை எடுக்கிறவர்கள் கவனிக்க: வரிசையாக ஒரே மாதிரி சுதைச் சிற்பங்கள் இருப்பதால் ட்ராக்கர் பக்கத்துச் சிற்பத்துக்குத் தாவிவிடும். ட்ராக்கர் தேடும் சர்ச் ஏரியாவைச் சுருக்குங்கள். பெரிய கோயில், தாராசுரம் போன்ற தொல்லியல் துறை வளாகங்களில் ட்ரைபாடுக்கு முன் அனுமதி வேண்டும்.

3டி பொருளை வீடியோமேல் வைத்ததும் வயல் வெளிறிப்போகிறதே என்ற கேள்வி அடிக்கடி வரும். ப்ளெண்டர் 4.0 முதல் வியூ டிரான்ஸ்ஃபார்ம் (நிறத்தைத் திரைக்கு மாற்றும் முறை) ஏஜிஎக்ஸ் என்று வருகிறது. ஏற்கனவே நிறம் செய்து முடித்த மொபைல் வீடியோவையும் அது மறுபடி மாற்றுகிறது. ஸ்டாண்டர்டுக்கு மாற்றினால் வீடியோ பழையபடி வரும். பின்னணியை ட்ரான்ஸ்பேரன்ட் ஆக்கி, தரைக்கு ஷேடோ கேட்சர் (நிழலை மட்டும் பிடிப்பது) போட்டு, இஎக்ஸ்ஆர் ஆக எடுத்து ஃப்யூஷனில் சேர்ப்பது இன்னும் நல்லது. விளிம்பில் கறுப்புக் கோடு வந்தால் ஆல்ஃபா (ஒளிபுகும் அளவு) ஏற்கனவே பெருக்கப்பட்ட நிலையில் நிறத்தைத் திருத்திவிட்டீர்கள் என்று பொருள். முதலில் ஆல்ஃபாவால் வகுத்து, திருத்தி, பிறகு பெருக்க வேண்டும்.

குரோமாவுக்கு (ஒற்றை நிறத் துணியை நீக்கிப் பின்னணியை மாற்றுவது) இங்கே நீலத் துணியே மேல். பச்சைப் பாவாடை, வாழையிலை, மாவிலைத் தோரணம் என்று நம் காட்சிகளில் பச்சை இல்லாமல் இருக்காது. ஆளை துணியிலிருந்து 6 அடியாவது தள்ளி நிறுத்துங்கள்.

பழைய டுடோரியல்களால் போகும் நேரம் கொஞ்சமல்ல. ப்ளெண்டர் 4.1இல் ஆட்டோ ஸ்மூத் டிக் போய் மாடிஃபையராகிவிட்டது. 4.2இல் ஈவி என்ற வேக ரெண்டர் இன்ஜினின் ப்ளூம் (ஒளிவட்டம்) டிக் போய், கம்ப்பாசிட்டரின் க்ளேர் நோடுக்கு வந்துவிட்டது. ஒரு எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) பதிப்பைப் பிடித்துக்கொண்டு, அதற்கு எடுத்த பாடங்களையே பாருங்கள். இரண்டு வருடம் திருத்தங்கள் வரும்.

முதல் வேலை பெரும்பாலும் ரோட்டோ (உருவத்தின் விளிம்பை வரைந்து பிரிப்பது), பெயின்ட் (வேண்டாததை அழிப்பது), மேட்ச் மூவில்தான் கிடைக்கும். ரோட்டோவில் கையை ஒரே வடிவமாக வரையாதீர்கள். மேற்கை, முன்கை, உள்ளங்கை, விரல்கள் தனித்தனியாக வேண்டும். அசைவு திரும்பும் ஃபிரேம்களில் முதலில் கீ, பிறகு நடுவில், பிறகு அதன் நடுவில். எல்லா ஃபிரேமிலும் கீ வைத்தால் விளிம்பு நடுங்கும்.

ஷோரீல் (உங்கள் வேலைகளைக் காட்டும் மாதிரி வீடியோ) 60 முதல் 90 நொடி. சிறந்த ஷாட் முதலில் வர வேண்டும். ஒவ்வொரு ஷாட்டின் கீழும் நீங்கள் செய்தது எது, இணையத்தில் இறக்கிய ரிக்கும் (உருவத்தை அசைக்கும் எலும்புக்கூடு) மாடலும் எவை என்று எழுதுங்கள். கூடவே ப்ளேட் (எடுத்த அசல் வீடியோ), ட்ராக்கிங் புள்ளிகள், வயர்ஃபிரேம், இறுதி என்று பிரித்துக் காட்டுங்கள். ஷாட் எண், வேலை, பதிப்பு எண் இந்த வரிசையில் கோப்புக்குப் பெயரிட்டு, 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு' என்ற பெயர்களை ஒழித்துவிடுங்கள். வேலைக்கு எடுப்பவர்கள் சில சமயம் மூலக் கோப்பையே திறந்து காட்டச் சொல்வார்கள்.