வாவியில் அரைநாள் தூண்டில்: படகுக்கு நாலு நட்சத்திரம், துண்டுக்கு ஒன்றுமில்லை

மட்டக்களப்பு வாவியில் ஆட்களைப் படகில் கூட்டிப்போய்த் தூண்டில் போட விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, போன மாதம் நானும் மச்சானும் அவன் மகனும் போய் வந்தோம். மச்சான் பிரிஸ்பேனில் இருந்து லீவுக்கு வந்தவன், கொடுவா என்றால் சாப்பாடும் வேண்டாம் அவனுக்கு. நடத்துகிறவர்களின் பெயரை எழுதவில்லை, ஏன் என்று கீழே தெரியும்.

காலை ஐந்தரை என்றார்கள், ஐந்தரைக்கே படகு நின்றது. நம்ம ஊரில் இதுவே பெரிய விஷயம். ஓட்டியவர் அறுபது தாண்டிய ஓர் ஐயா, எங்கள் மூவரையும் "மனே" என்றுதான் கூப்பிட்டார். கல்லடிப் பாலத்தைக் கடந்து பாலமீன்மடுப் பக்கம் போனதும் எஞ்சினை நிறுத்திவிட்டு, கண்ணா மரங்களை (சதுப்புநிலத் தாவரங்களை) ஒட்டிச் சத்தமில்லாமல் தடியால் ஊன்றிக்கொண்டு போனார். முகத்துவாரம் வெட்டினால் உப்புத்தண்ணீர் எங்கே வரை ஏறும், கொடுவா எந்த மூலையில் ஒதுங்கும் என்பதெல்லாம் அவருக்குக் கைரேகை மாதிரி.

சாமான்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தடிகள் பரவாயில்லை. ரீல் ஒன்று உப்புப் பிடித்து, சுற்றும்போது கதவு மாதிரிக் கிரீச்சிட்டது. சின்னவனுக்குத் தந்த உயிர்காப்பு அங்கியில் கொக்கி இல்லை, கயிற்றால்தான் கட்டினோம்.

ஏழு மணி போல மச்சானுக்கு ஒன்று அடித்தது. படகருகே வந்தபோது பார்த்தால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, வெயில் பட்டுக் கண் சிவப்பாக மின்னியது. சின்னவன் குதிக்கிறான், நான் போனை எடுக்கிறேன், ஐயா அமைதியாக, "மனே, அது தாய். விட்டிரு" என்றார். கொடுவா ஆணாகத்தான் முதலில் வளரும், சில வருடம் கழித்துத்தான் பெண்ணாக மாறும், அதனால் பெரிய மீன் என்றால் அநேகமாக முட்டை போடுகிற மீன். இது மச்சானுக்கும் தெரியும். பிரிஸ்பேன் இருக்கிற குயின்ஸ்லாந்து மாநிலத்தின் கிழக்குக் கரையில் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததையும் 120க்கு மேற்பட்டதையும் வைத்திருக்க முடியாது, நவம்பர் முதலாம் திகதியில் இருந்து மூன்று மாதம் பிடிக்கவே கூடாது. ஐயா அதன் கீழுதட்டைப் பிடித்துத் தண்ணீருக்குள் முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் வாலால் அவர் முகத்தில் ஓர் அடி அடித்துவிட்டுப் போனது. இந்த ஒரு காட்சிக்காகவே காசு கொடுக்கலாம்.

மறுகாதான் பிரச்சினை. கரைக்கு வந்ததும் பேசிய காசுக்கு மேலே ஆளுக்கு 500 ரூபா "வாவிப் பராமரிப்பு" என்றார் கணக்குப் பார்க்கிற தம்பி. எதற்கு என்று கேட்டால் மீன்குஞ்சு விடுவதற்காம். குளத்திலும் வாவியிலும் குஞ்சு விடுவது அரசாங்கத்தின் நீருயிரின வளர்ப்பு அதிகாரசபையான நெக்டா செய்கிற வேலை. படகுப் பதிவும் தொழில் அனுமதியும் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் கடற்றொழில் திணைக்களத்தின் வேலை. எனக்குத் தந்ததோ கொப்பியில் கிழித்த ஒரு துண்டு. இலக்கமில்லை, முத்திரையில்லை, இந்த இரண்டு பெயரில் ஒன்றுமில்லை. அப்படியென்றால் அந்த 500ஐ யார் எண்ணுகிறார்கள்?

மச்சான் தன் ஊரிலும் சில அணைகளில் தூண்டில் போடப் பெர்மிட் வாங்குகிறான். அந்தக் காசில் பெரும்பங்கு அதே அணைகளில் குஞ்சு விடுகிற குழுக்களுக்கே போகிறது, எந்த அணைக்கு எவ்வளவு என்று கணக்கும் இருக்கிறது. முணுமுணுக்காமல் கட்டுகிறான்.

நானும் கட்டமாட்டேன் என்று சொல்லவில்லை. அன்று காலை கண்ணா வேரில் ஒற்றை நைலோன் இழையில் பின்னிய ஒரு தங்கூசி வலை சிக்கிக் கிடந்தது. 2006இலேயே தடை செய்த சாமான். ஐயா கத்தியால் அறுத்துப் படகுக்குள் போட்டார், அதற்குள் இரண்டு நண்டு செத்துக் கிடந்தன. தான் கண்ட இடத்தில் எல்லாம் இப்படித்தான் எடுப்பாராம், ஒருவரும் காசு தருவதில்லை. என் 500 அவர் கைக்குப் போகிறது என்றால் ஆயிரமாகவே தருவேன்.

போகிறவர்கள் அந்த ஐயாவையே கேட்டு எடுங்கள். ரீலும் சின்னப் பிள்ளைக்கு அங்கியும் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள், மேலதிகக் காசு கேட்டால் இலக்கம் போட்ட பற்றுச்சீட்டுக் கேளுங்கள். நான் கேட்டதற்குத் தம்பி "அடுத்த முறை தாறம்" என்றார்.